ரெண்டாம் பக்கத்த எனக்கு வாசி, மக்ளே

கொள்ளாம் மக்ளே, கொள்ளாம். நீ பி.எஸ்சி. நர்சிங் ஜெயிச்சதும் தெரியும், சோலிக்கு லெட்டரு வந்ததும் தெரியும். ஒங்க அம்மை அதுக்க முதல் பக்கத்த பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, ரப்பர் ஷீட்டு எடை போடுத கடையிலகூட கொண்டு காட்டிட்டாளாம். காட்டட்டும், பெத்தவளுக்கு இல்லாத சந்தோசமா? முதல் பக்கம்னா காட்டத்தான் செய்வாங்க. வாழ்த்துகள்னு தொடங்கி, ஆஸ்பத்திரி முத்திரை, மேனேஜரு கையெழுத்து, சம்பளம் இத்தறன்னு கொட்டை எழுத்து. அத அம்மைக்கே வாசிச்சுக் குடு. ரெண்டாம் பக்கத்த மட்டும் இஞ்ச கொண்டா. பாட்டாவுக்குக் கண்ணு மங்கல், நீதான் வாசிக்கணும். பைய வாசி. வேகமா வாசிச்சுத் தள்ளட்டும்னுதான் அவன் எழுத்தப் பொடிசாக்கி வச்சிருக்கான்.

"பாட்டா பால்வெட்டுக்காரரு, ஆஸ்பத்திரி விசயம் அவருக்கு என்ன தெரியும்?" இதுதானே ஒனக்க மனசுல ஓடுது? சரிதான். எனக்கு ரப்பரு மட்டும்தான் தெரியும். தை நட்டா முதல் பால் காண ஏழு வருசம் ஆவும். நட்ட அன்னைக்கே கோட்டயத்துல ஷீட்டு கிலோ என்ன விலைன்னு விசாரிச்சு, அந்தக் கணக்குல கடன் வாங்கி மோட்டார் சைக்கிளு எடுத்தவனெல்லாம் இந்தக் குலசேகரத்துல உண்டு. ஒனக்க கைல இருக்குத லெட்டரு, மக்ளே, இப்பம் நட்ட தை.

நம்ம ஊரு வழக்கப்படி நடக்கணும்னா ரொம்ப லேசு. லெட்டரு வந்த ராத்திரியே வாட்சப்புல ஸ்டேட்டஸ் போடு. மறுநாள் முக்குல ஒரு பிளெக்சு, வெள்ளக்கோட்டு போட்ட ஒனக்க படமும், கீழ வாழ்த்துகவங்க வரிசையில சித்தப்பன்மாரு எல்லாருக்க படமும். அடுத்தாப்புல, இப்பம் ட்ரெயினியா நிக்குத ஆஸ்பத்திரியில ராஜினாமாவ எழுதிக் குடு. குடுக்கும்போ மேட்ரன்கிட்ட நாலு வார்த்த கூடச் சொல்லு, இத்தனை நாளும் மனசுல கிடந்ததெல்லாம். பொறவு அம்மைக்க நகைய எடுத்துப் பேங்குல வை. இவ்வளவும் முடிஞ்சபிறவு ரெண்டாம் பக்கத்த ஆற அமர வாசிக்கலாம். அதுல மூணாவது வரியில இப்படி இருக்கும்: இப்போது பணிபுரியும் இடத்திலிருந்து நற்சான்று வரவேண்டும். யாரு தரணும்? நாலு வார்த்த வாங்கிக் கட்டிக்கிட்டாங்களே, அந்த மேட்ரனுதான்.

இங்கிலாந்து லெட்டருன்னே வச்சுக்க. அங்க என்.எச்.எஸ்.ங்குத அரசாங்க ஆஸ்பத்திரியில நேர்காணல்ல தேறினா முதல்ல வாறது நிபந்தனையோட ஒரு லெட்டரு. அதுக்குப் பொறவு ஆறு சோதனை உண்டு. ஆளு நீதானா, அந்த நாட்டுல சோலி பாக்க உரிமை உண்டா, படிச்சதும் பதிஞ்சதும் நெசந்தானா, இதுவரை எங்கெங்க நின்ன, ஒடம்பு சோலிக்குத் தாங்குமா, போலீசு ரெக்கார்டுல ஒனக்க பேரு உண்டா. ஆறும் தேறின பொறவுதான் சோலி உறுதி. அதுவரை இருக்குத சோலிய விடாதேன்னு அந்த நாட்டுக்காரனே ஒளிக்காமச் சொல்லுகான். நம்ம ஆளுவளுக்குத்தான் கேக்காது. வெள்ளக்காரன் சொன்னா எதையும் நம்புத ஊரு, இத மட்டும் நம்பமாட்டோம்.

இதுல பல பிள்ளேளு தட்டுப்படுதது அந்த ‘எங்கெங்க நின்ன’ங்குத இடத்துல. பொதுவா போன மூணு வருசத்துக் கணக்கு கேப்பான். படிச்சு இறங்கின பிள்ளைக்கு மூணு வருசச் சோலி எங்க இருக்கு? அதனால காலேஜு பிரின்சிபாலோ, வார்டுல ஒன்ன வேலை வாங்கின ஆளோ எழுதித் தரணும். ஆஸ்பத்திரி மெயில்லயிருந்து வரணும், ஜிமெயில்லயிருந்து வந்தா சந்தேகப்படுவான். சித்தப்பன் எழுதப்பிடாது, அவரு பஞ்சாயத்து மெம்பரா இருந்தாலும். நடுவுல கொஞ்ச மாசம் வீட்டுல சும்மா இருந்தியே, அதையும் எழுது. பதிவு வரக் காத்திருந்தேன், அப்பனுக்குச் சொகமில்ல, இப்படி நடந்தத நடந்தபடி. சும்மா இருந்தது குத்தமே இல்ல. நானெல்லாம் மழைக்காலம் முழுக்கச் சும்மாதான் இருப்பேன். அந்த இடைவெளிய அடைக்கதுக்கு ஒருத்தன் ‘ரெண்டு வருச அனுபவச் சர்ட்டிபிக்கேட்டு நான் அடிச்சுத் தாறேன்’னு வருவான் பாரு, அவன வீட்டு நடையிலயே நிறுத்து. வளைகுடாவுக்குன்னா டேட்டாஃப்ளோன்னு ஒரு கம்பெனி உண்டு. அது ஒன்கிட்ட கேக்காது, நேரா அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேக்கும். இப்படியொரு நர்சு இஞ்ச இருந்ததே இல்லன்னு பதில் போனா, சர்ட்டிபிக்கேட்டு அடிச்சவனுக்கு ஒண்ணும் ஆவாது. பேரு ஒனக்குத்தான்.

இங்கிலாந்துக்கு இன்னும் உண்டு. ஐஇஎல்டிஎஸ்ங்குத இங்கிலீசுப் பரீட்சையில வாசிக்க, கேக்க, பேச ஏழு, எழுத ஆறரை. பொறவு கம்ப்யூட்டருல ஒரு பரீட்சை, அத இந்தியாவுலயே எழுதலாம். அங்க போய்ச் சேந்த பொறவு ஆளுக்க முன்ன நின்னு செய்து காட்டுத ஒரு பரீட்சை, ஓ.எஸ்.சி.இ.ம்பாங்க. அதுல தேறினாத்தான் நர்சாட்டுப் பதிவு. தேறல்லன்னா, எந்தச் சோலிக்காவ விசா தந்தானோ அந்தச் சோலியே ஆட்டம் காணும். முதல் பக்கத்துல போட்ட சம்பளம் பதிவு கிடைச்ச நர்சுக்குள்ளதா, பதிவுக்கு முன்னாலயே உள்ளதா? இத எத்தற பேரு கேட்டிருப்பாங்கங்குத? ஜெர்மனியிலயும் இதே கூத்துதான். பி2 மொழிப் பரீட்சையும் அங்கீகாரமும் முடியுதவரை ஒன்ன உதவியாளாத்தான் வச்சிருப்பான், சம்பளமும் அதுக்குத் தக்கனதான்.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு ஓர்மை வருவு. நெய்யூருல 1838-ல லண்டன் மிஷன்காரன் தொடங்கின ஆஸ்பத்திரி இருக்கே, அங்க சோமர்வெல்னு ஒரு சர்ஜன் இருந்தாரு. 1922-ல எவரெஸ்ட்டு ஏற வந்தவரு. மலையேத்தம் முடிஞ்சதும் தெக்க சுத்திப் பாக்க வந்து, நெய்யூருல கிடந்த நோயாளிக் கூட்டத்தக் கண்டாரு. லண்டன்ல பெரிய சர்ஜனா நிக்க வழி இருந்தும் அத விட்டுட்டு இஞ்ச வந்து வருசக்கணக்கா கத்தி பிடிச்சாரு. நடுவுல 1924-ல திரும்பவும் எவரெஸ்ட்டுக்குப் போனாரு, அது வேற கிறுக்கு. அவரு வரும்போ நாம தமிழ்ல ஒரு பரீட்சை வச்சோமா, எழுத்துக்கு ஆறரை மார்க்கு கேட்டோமா? கேட்டிருந்தா நெய்யூருக்கு சர்ஜன் கிடைச்சிருக்கமாட்டாரு. இப்பம் நம்ம பிள்ளேளு அங்க போவ நின்னா மட்டும் ஆறு சோதனை. போட்டும், கேக்கட்டும். நோயாளிக்கு ஊசி போடுத கையாச்சே, சோதிக்கதுல ஞாயம் உண்டு. ஆனா சோதிக்கது அவனுக்க ஞாயம்னா, சோதனை முடியுதவரை கைல உள்ளத விடாம இருக்கது நமக்க ஞாயம்.

வாசி. அடுத்த வரி என்ன? கவுன்சில் பதிவு. இது ஒனக்க கைல உள்ள நிபந்தனை, அதனால இதுக்கு அழப்பிடாது. தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில்ல பதிஞ்சு நம்பரு வாங்கணும். 1926-ல போட்ட சட்டம், நீயும் நானும் பிறக்க முன்னயே உள்ளது. நம்ம ஜில்லா 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி தமிழ்நாட்டோட சேந்தது. சேராம இருந்திருந்தா பதிவுக்கு ஒண்ணரை மணிக்கூறு பஸ்ஸுல திருவனந்தபுரம் போய் வந்திருப்ப. சேந்ததனால ஒனக்க பதிவு சென்னையில. ஆனா ஒனக்கு லெட்டரு தந்த ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்துல. அதனால கேரளா கவுன்சில்லயும் பதியணும், அதுக்கு முன்ன சென்னைக்காரன் ஆட்சேபம் இல்லன்னு எழுதித் தரணும். மாநிலம் பிரிக்குத நேரம் நர்சுமாரு யோசனைய யாரும் கேக்கல்ல. இதுக்கெல்லாம் நாளெடுக்கும். ‘ஒரு மாசத்துக்குள்ள பதிவு காட்டணும்’னு லெட்டருல இருந்தா, சரின்னு தலையாட்டாதே. ‘விண்ணப்பம் போட்டாச்சு, ரசீது இந்தா, பதிவு வந்ததும் தாறேன், அதுவரை எனக்க இடம் இருக்குமா?’ன்னு மெயில் போட்டுக் கேளு. இருக்கும்னு பதில் எழுத்துல வரட்டும். போன்ல அந்த ஹெச்.ஆர். பிள்ளை எவ்வளவு தேனாப் பேசினாலும், அடுத்த மாசம் அந்தப் பிள்ளையே வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரும்.

நான் சொல்லுகது இவ்வளவுதான்: ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேரே பென்சில்ல எழுது, இது யாரு கைல இருக்கு, நடக்கல்லன்னா யாருக்க காசு போவும். பதிவு ஒனக்க கைல. மொழிப் பரீட்சை ஒனக்க கைல. விசா ஒனக்க கைல இல்ல. ‘ஆஸ்பத்திரியின் தேவைக்கேற்ப’ன்னு ஒரு வரி இருக்கும் பாரு, அது ஒனக்க கைலயும் இல்ல, எனக்க கைலயும் இல்ல. அந்த வரி இருக்குத லெட்டர நம்பி ஒரு பவுன்கூட அடகு வைக்கப்பிடாது.

அரசாங்கச் சோலின்னா இந்தத் தொல்லை இல்லன்னு ஒங்க அப்பன் சொல்லுகானாக்கும்? அவன்கிட்ட 2015-அ பத்திச் சொல்லு. மெடிக்கல் ரெக்ரூட்மெண்டு போர்டு பரீட்சை வச்சு 7,000-க்கு மேல நர்சுமார எடுத்துச்சு. மாசம் 7,700 ரூவா தொகுப்பூதியம். ரெண்டு வருசம் போனா காலியிடத்துக்குத் தக்க நிரந்தரம்னு நிபந்தனை. எல்லாரும் ‘ரெண்டு வருச’த்த வாசிச்சாங்க, ‘காலியிடத்துக்குத் தக்க’வ வாசிக்கல்ல. ரெண்டு வருசமும் போச்சு. 2017 நவம்பருல சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல நர்சுமாரு கூட்டம் கூட்டமா உக்காந்து போராடினாங்க. அந்த 7,700 ரூவாய்க்கு இஞ்ச பால்வெட்டுக்கே ஆளு வரமாட்டான்.

பொறவு கொரோனா வந்துது. அவசரத்துக்கு ஒப்பந்தத்துல நர்சுமார எடுத்தாங்க. 2020 மே மாசம் ஆஸ்பத்திரி மேல ஹெலிகாப்டருல இருந்து பூவு போட்டாங்க, டிவியில பாத்தேன், நல்ல பூவு. 2022 டிசம்பர் 31-ஓட அந்த ஒப்பந்த நர்சுமாருல 2,000-க்கு மேல பேருக்கு, இனி வரவேண்டாம்னு சொல்லியாச்சு. சண்டைக்குப் போவாதே மக்ளே, பூவு போட்ட டிப்பார்ட்மெண்டு வேற, இது வேற. லெட்டருல தற்காலிகம்னு தெளிவாட்டு இருந்துதுன்னு சொன்னாங்க. இருந்துது, இல்லன்னு யாரு சொன்னா? நோயாளி மூச்சுக்குத் திணறும்போ யாரு ரெண்டாம் பக்கத்த வாசிக்கப் போறா?

அடுத்தது பாண்டு. மூணு வருசம் நிக்கணும், நடுவுல போனா ரெண்டு லட்சம் கட்டணும்னு இருக்கா? நல்லா இருக்கட்டும். இதுக்கு ஊருல ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது, கண்ண மூடிக் கையெழுத்துப் போடு"ன்னும். மற்றக் கட்சி, "போட்டா ஆயுசுக்கும் அடிமை"ன்னும். ரெண்டு பேருக்கும் சாயா வாங்கிக் குடுத்து அனுப்பு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பேங்கு வழக்குல, மூணு வருசம் நிக்காமப் போன அதிகாரி ரெண்டு லட்சம் கட்டணும்னு போட்ட பாண்டு செல்லும்னு சொல்லியாச்சு. அதனால கண்ண மூடிப் போடாதே. ஆனா 1872-ல போட்ட ஒப்பந்தச் சட்டத்துல 74-ஆம் பிரிவு இருக்கு. பாண்டுல எழுதின தொகைதான் உச்சம், அதுக்கு உள்ள ஞாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதினது முழுக்க அப்படியே வசூலிச்சுக்கலாம்னு இல்ல. ரெண்டு லட்சம் கேக்குகவன்கிட்ட, எனக்கு என்ன பயிற்சி தருவீங்க, அதுக்கு எவ்வளவு செலவுன்னு சிரிச்சுக்கிட்டே கேளு. ஊசி போடப் படிச்ச பிள்ளைக்கு ஊசி போடுத பயிற்சின்னு சொன்னா, மேல பேசுதுக்கு இடம் உண்டு.

ஒரிஜினல் சர்ட்டிபிக்கேட்ட மட்டும் குடுத்துட்டு வந்திராதே. பாக்கணும்னா பாக்கட்டும், நகல் எடுக்கட்டும், கையோட திரும்பித் தரட்டும். படிப்புச் சர்ட்டிபிக்கேட்டு அடகுச் சாமான் இல்லன்னு மெட்ராஸ் ஐகோர்ட்டு சொல்லியிருக்கு. 2011-ல பம்பாயிலயும் கேரளத்துலயும் நர்சுமாரு வரிசையா ஸ்டிரைக்குல இறங்கினதுக்குச் சம்பளத்தோட இந்தப் பாண்டும், பூட்டி வச்ச சர்ட்டிபிக்கேட்டும்தான் காரணம். அதுக்குப் பொறவு சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டு, 2016-ல பரிந்துரை வந்துது. 200 படுக்கைக்கு மேல உள்ள தனியார் ஆஸ்பத்திரின்னா அரசு நர்சுக்குள்ள சம்பளம், 50 படுக்கைக்குக் கீழ உள்ளதுன்னாகூட 20,000-க்குக் கொறையப்பிடாது. மேனேஜருகிட்ட இதச் சொல்லிப் பாரு. ரொம்ப மரியாதையாக் கேப்பாரு, குடிக்கத் தண்ணியும் தருவாரு. சம்பளம் கூடாது. ஆனாலும் சொல்லு. இந்தப் பிள்ளைக்கு விவரம் தெரியும்னு அவருக்கு மனசிலாச்சுன்னா, ஒனக்க பாண்டுல மூணு வருசம் ஒரு வருசமாக் கொறைய வழி உண்டு.

இனி முக்கியமானது, அந்த ஏஜெண்டு. வெள்ளச் சட்டை, ரெண்டு போனு, குவைத்துல ஆஸ்பத்திரி சேர்மன் அவனுக்குத் தோழனாம். ஒனக்க ரெண்டாவது லெட்டரு, குவைத்துக்குள்ளது, அவன்தான் கொண்டுவந்து தந்தான், இல்லியா? அந்த லெட்டருல ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்’னு நிபந்தனை. ‘அதுக்கு முன்ன ஒரு மூணு லட்சம்’ங்குதது நிபந்தனையில இல்ல, அது வாய்வார்த்தை. பதிவு பெற்ற ஏஜெண்டு ஆளுக்கிட்ட வாங்குத கட்டணத்துக்கு மத்திய அரசு போட்ட உச்சவரம்பு 30,000 ரூவாயும் ஜி.எஸ்.டி.யும். 2015-ல கொச்சியில என்ன நடந்துது தெரியுமா? குவைத்துக்கு நர்சுமார அனுப்புத ஒரு ஏஜென்சி, 19,500 ரூவா வாங்கவேண்டிய இடத்துல 19.5 லட்சம் வாங்கிச்சுன்னு சி.பி.ஐ. வழக்குப் போட்டுது. புள்ளி தெரியாமப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டாங்களோ என்னவோ. அந்த வருசமே, வளைகுடா நாடுகளும் சேந்த 18 நாட்டுக்கு நர்சுமார எடுக்கது அரசு நிறுவனங்க வழியாத்தான்னு மத்திய அரசு உத்தரவு போட்டுது. நமக்கு 1978-லயே தொடங்கின அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில உண்டு, கேரளக்காரனுக்கு நோர்க்காவும் ஒடெப்பெக்கும் உண்டு. இங்கிலாந்து லெட்டருன்னா இன்னும் தெளிவு. சோலி வாங்கித் தாறதுக்கு நர்சுகிட்ட பைசா வாங்கப்பிடாதுன்னு அவனுக்க ஆளெடுப்பு நெறிமுறையிலயே எழுதி வச்சிருக்கான்.

மெடிக்கல் விசயத்துல ஒரு காரியம். வளைகுடாவுக்குப் போறவங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. சின்னதுல எப்பமோ காசம் வந்து ஆறின தழும்பு எக்ஸ்ரேயில தெரிஞ்சாகூட ‘அன்ஃபிட்’னு எழுதுதவன் உண்டு. அதனால பைசா கட்டுததுக்கு முன்ன ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல போய் ஒனக்க நெஞ்ச நீயே ஒரு படம் எடுத்துப் பாரு. நர்சுக்கு நான் இதச் சொல்லித் தரணுமா? சொல்லித் தரணும். அடுத்தவன் நெஞ்சப் பாக்கத்தானே ஒனக்குப் படிப்பு.

ரெண்டு லெட்டரு கைல இருக்குன்னு ரெண்டு பேருக்கும் சரின்னு எழுதாதே, பேரு கெடும். திருவனந்தபுரத்துக்காரன் அடுத்த மாசம் சேரச் சொல்லுகான், பாண்டு ஒரு வருசத்துக்கு இறங்கினா போய்ச் சேரு, சோலி படி. வெளிநாட்டுக்காரன்கிட்ட, ‘ஒங்க லெட்டரு கிடைச்சுது, சந்தோசம், நிபந்தனை ஒவ்வொண்ணா முடிச்சுக்கிட்டு வாறேன், விசா மறுத்தா நான் கட்டின பைசா திரும்பக் கிடைக்குமான்னு தெரிவிக்கணும்’னு எழுது. மரியாதைக்கு ஒரு நன்றியும் போடு. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுதவன் சோலி தாறவன். ‘எங்களை நம்புங்க சிஸ்டர்’னு பதில் வந்தா, நம்பிக்கைய பத்திரமாக் கைல வச்சிக்க, பைசாவையும் கூட வச்சிக்க.

பேப்பர மடக்கி வை. அந்த வெள்ளச் சட்டைக்காரன் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒங்க வீட்டுக்கு வாறானாம், அம்மை கோழி அடிச்சு வைக்கச் சொல்லியாச்சு. அதுக்கு முன்ன ஒனக்க போன்ல இ-மைக்ரேட்டுன்னு அடிச்சு, மத்திய அரசு பக்கத்துல பதிவு பெற்ற ஏஜெண்டுமாரு பட்டியல எடு. அதுல அவன் பேரும், நர்சுமார அனுப்ப அவனுக்கு அனுமதியும் இருந்தா கோழி வை. இல்லேன்னா மரச்சீனி கிழங்கு போதும்.